குட்டை உருவத்துக்கு எந்தச் சக்கரம்? 650பி ஓட்டிப் பார்த்த அனுபவம்

என் உயரம் 155 சென்டிமீட்டர். சிங்கப்பூரில் சைக்கிள் கடைக்குள் போய் இந்த எண்ணைச் சொன்னால், "உங்களுக்கு 44 சரியாக இருக்கும், இல்லாவிட்டால் எக்ஸ்எஸ்" என்று ஃபிரேம் அளவைப் பற்றித்தான் பேசுவார்கள். சக்கரத்தைப் பற்றிப் பேச்சே வராது. ஆறடி ஆளுக்கு மாட்டும் அதே 700சி சக்கரம் எனக்கும் வரும். முதலில் அப்படி ஒரு 700சி வைத்திருந்தேன். இப்போது சில ஆண்டுகளாக, அதைவிடச் சற்றுச் சின்னதான 650பி சக்கரம் ஓட்டுகிறேன். என் உயரத்து ஆட்களுக்கு இந்த ஒப்பீடு உதவலாம்.

700சி சக்கரத்தின் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 622 மில்லிமீட்டர். ஃபிரேமை எவ்வளவு சிறிதாக்கினாலும் இது குறையாது. அதனால் ஃபிரேம் செய்பவர்கள் மற்ற இடங்களில் கைவைக்கிறார்கள். முன்சக்கரத்தைத் தள்ளி வைக்க, அதைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கைச் சாய்ப்பார்கள். அளவுப் பட்டியலில் மேல்பார் குட்டையாகத் தெரியும்படி சீட் குழாயை நிமிர்த்துவார்கள். நாம் சீட்டைச் சரியான இடத்துக்குப் பின்னால் நகர்த்தியதும் ஹேண்டில்பார் மறுபடி எட்டாத தூரத்துக்குப் போய்விடும். அதை ஓரளவுக்கு மேல் இறக்கவும் முடியாது, கீழே சக்கரம் அவ்வளவு உயரத்துக்கு நிற்கிறதே.

இத்தனை செய்தும் கால் நுனிக்கு இடம் போதவில்லை. இடப்பக்கம் திரும்பினால் சக்கரத்தின் பின்விளிம்பு வலப்பக்கம் வரும். அந்த நேரம் வலது பெடல் முன்னால் இருந்தால் ஷூ நுனி டயரில் உரசும். வேகமாகப் போகும்போது இது தெரியவே தெரியாது, ஹேண்டிலை அவ்வளவு திருப்ப மாட்டோம். வினையெல்லாம் மெதுவாகப் போகும்போதுதான். நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். பூங்கா இணைப்புப் பாதைகளிலோ நடுவில் நட்ட கம்பங்கள், பாலத்தடியில் நெளியும் சரிவுகள், எதிரே நாயோடு வரும் அங்கிள். பொங்கோல் பக்கம் ஒரு வளைவில் 'சர்ர்' என்று உரசி, ஒற்றைக் காலில் குதித்து நின்றேன். அந்த ஷூவின் நுனியில் ரப்பர் தேய்ந்து ஒரு கறுப்புக் கோடே விழுந்துவிட்டது.

650பி-யின் ரிம் அளவு 584. அதாவது 38 மில்லிமீட்டர் சின்னது, ஆரத்தில் 19. ஆனால் இது ரிம் கணக்கு மட்டும்தான், தரையில் உருளுவது டயர். என் 650பி கடையிலிருந்து வந்தபோது 47 மில்லிமீட்டர் டயர் போட்டிருந்தது. 584-உடன் இரண்டு பக்கமும் 47 சேர்த்தால் 678. பழைய 700சி-யில் இருந்தது 28 டயர். 622-உடன் இரண்டு 28, அதுவும் 678! வெளிவிட்டம் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை, ஷூவும் கிட்டத்தட்ட அதே இடத்தில் உரசியது. 38 டயருக்கு மாறிய பிறகுதான் வெளிவிட்டம் 660 ஆனது. கூடவே பெடல் மாட்டும் கிராங்கையும் 170 மில்லிமீட்டரிலிருந்து 165-க்கு மாற்றினேன். அப்புறம் உரசலே இல்லை. ஆகவே 650பி என்ற பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள், டயர் தடிமனையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. டயர் மெலிந்ததில் சைக்கிள் மொத்தமும் 9 மில்லிமீட்டர் இறங்கிவிட்டது. வளைவில் சாய்ந்துகொண்டே மிதித்தால் பெடல் தரையில் இடிக்கும். உள்பக்கக் காலை மேலே தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். சக்கரத்தில் காந்தம் மாட்டும் வேகமானி என்றால் சுற்றளவையும் மாற்றியாக வேண்டும். பழைய எண்ணிலேயே விட்டால் 30 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கூட்டிக் காட்டும். கேட்க இனிமைதான்.

"ஏம்மா, சின்னச் சக்கரத்தில் வேகம் வருமா?" என்று எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு அண்ணன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். சாங்கி கரையோரச் சாலையில் எதிர்காற்றில் முன்பு எந்த இடத்தில் பின்தங்கினேனோ அங்கேதான் இப்போதும் பின்தங்குகிறேன். கியர் மூன்று விழுக்காடு இலகுவானது மண்டாய் ஏற்றத்தில்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. ஹேண்டிலை எட்டிப் பிடிக்க வேண்டிய தொல்லை ஒழிந்ததில் தோள்வலி போய்விட்டது. எனக்கு அதுதான் பெரிய லாபம். மழை விட்டதும் மரத்தடியில் பாசி வழுக்கும் இடங்களில், காற்றைக் கொஞ்சம் குறைத்த 38 டயர் நன்றாகப் பிடிக்கிறது.

இது ஒன்றும் புது யோசனை இல்லை. அமெரிக்காவில் ஜார்ஜினா டெர்ரி 1985-லேயே பெண்களுக்கான சைக்கிள் நிறுவனம் தொடங்கி, சின்ன ஃபிரேம்களில் முன்னால் 24 அங்குலச் சக்கரமும் பின்னால் 700சி-யும் போட்டு விற்றார். பயணச் சைக்கிள்களில் சர்லி லாங் ஹால் டிரக்கரின் சின்ன அளவுகள் 26 அங்குலச் சக்கரத்தோடு மட்டும்தான் வந்தன. டிரெக் நிறுவனமும் தன் மலைச் சைக்கிள்கள் பலவற்றில் சின்ன ஃபிரேமுக்கு 27.5 அங்குலம், பெரியதற்கு 29 என்று பிரித்துக் கொடுக்கிறது.

மடக்கு சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. சக்கரம் பெரும்பாலும் 20 அங்குலம், சீட் கம்பியை ஏற்றி இறக்கினால் போதும், மடித்து எம்ஆர்டி ரயிலிலும் ஏற்றலாம். எனக்குத்தான் அந்தக் குட்டிச் சக்கரம் பாதை வெடிப்புகளில் பொத்பொத்தென்று விழுவது பிடிக்கவில்லை.

650பி-யில் உண்மையான தலைவலி உதிரிப் பொருள்தான். பேட்டைக் கடைகளில் 700சி டியூப் கிடைக்கும், 20 அங்குலமும் கிடைக்கும். 650பி என்று கேட்டால் விழிப்பார்கள். மலைச் சைக்கிளின் 27.5 அங்குலம் என்று கேளுங்கள், அதுவும் 584 தான். தடிமன் மட்டும் பொருந்த வேண்டும். மெல்லிய 650பி டயரை நான் இணையத்தில்தான் வாங்குகிறேன்.

பழைய சைக்கிள் வாங்குபவர்கள் டயரின் பக்கவாட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 38-584 என்பதுபோல் டயர் தடிமனும் ரிம் அளவும் அச்சாகியிருக்கும். விற்பவர் "26 அங்குலம்" என்று மட்டும் சொன்னால் அது 559-ஆகவும் இருக்கலாம், 571-ஆகவும் இருக்கலாம், 590-ஆகவும் இருக்கலாம். ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது.