பென் டிரைவை எந்த ப்ராசஸ் விடமாட்டேன் என்கிறது? ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

மதுரை மாசி வீதிகளில் இருக்கும் டிடிபி கடைகளின் சிஸ்டங்களில் இந்த மென்பொருள் இருந்தே ஆக வேண்டும். முகூர்த்த மாதத்தில் கல்யாணப் பத்திரிகை டிசைனை வாங்க வந்தவர் கவுன்டரில் நிற்பார். பென் டிரைவ் பயன்பாட்டில் இருக்கிறது என்று விண்டோஸ் அடம்பிடிக்கும். எது பயன்படுத்துகிறது என்று மட்டும் சொல்லாது.

ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் சொல்லும். மார்க் ருசினோவிச் எழுதியது, 2006-ல் மைக்ரோசாஃப்ட் வசம் போன சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ஒன்று. இலவசம், இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. ரைட் கிளிக் செய்து அட்மினாகத் திறக்க வேண்டும், இல்லையென்றால் பாதி விவரம் தெரியாது. ஃபைண்ட் மெனுவில் 'ஃபைண்ட் ஹேண்டில் ஆர் டிஎல்எல்' எடுத்து, டிரைவ் எழுத்தை 'இ:' போல ஆங்கிலத்தில் கொடுத்தால், ஃபைலைப் பிடித்திருக்கும் ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம், வந்து நிற்கும். பெரும்பாலும் மூடாமல் விட்ட டிசைன் மென்பொருள் கோரல்டிராதான். அதில் ஃபைலை மூடிவிட்டு எஜெக்ட் கொடுங்கள். ஃபைலின் மீதான பிடியை வலுக்கட்டாயமாக அறுக்கும் 'க்ளோஸ் ஹேண்டில்' பக்கம் மட்டும் போகாதீர்கள். பிடி அறுந்தது மென்பொருளுக்குத் தெரியாது, ஃபைல் கெட்டுப்போகலாம்.

பிரிண்டர் மாட்டிக்கொள்ளும்போது பலர் பிரிண்ட் வரிசையைக் கவனிக்கும் ஸ்பூல்எஸ்வி ப்ராசஸைக் கில் செய்கிறார்கள். விண்டோஸ் அதை மறுபடி கிளப்பிவிடும். அதே கெட்டுப்போன ஜாப் திரும்ப ஏறும். சர்வீசஸில் போய் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, சிஸ்டம்32-க்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் ஃபோல்டரில் உள்ள எஸ்பிஎல், எஸ்எச்டி ஃபைல்களை அழித்துவிட்டு, சர்வீஸைத் திரும்ப ஸ்டார்ட் செய்வதுதான் சரி. வரிசையில் காத்திருக்கும் மற்ற ஜாப்களும் போய்விடும், திரும்பக் கொடுக்க வேண்டும்.

டாஸ்க் மேனேஜருக்குப் பதிலாக ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரையே வைக்கும் வசதி நல்லதுதான். ஆனால் பென் டிரைவிலிருந்து ஓட்டும்போது அதை டிக் செய்யக் கூடாது. பென் டிரைவைக் கழற்றியதும் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்தினால் எதுவும் திறக்காது. விண்டோஸின் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரி இன்னும் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். சி டிரைவில் ஒரு ஃபோல்டரில் நிரந்தரமாக வைத்த பிறகே டிக் செய்யுங்கள். அதை இடம் மாற்றும் முன் டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஹார்டுவேர் சிபியுவைக் கூப்பிடுவதைக் காட்டும் இன்டரப்ட்ஸ் வரியையும் கவனியுங்கள். சிஸ்டம் சும்மா இருக்கும்போதே அது சிபியுவை நிறையத் தின்றால், எந்த ப்ராசஸைக் கில் செய்தும் பயனில்லை. கோளாறு டிரைவரிலோ ஹார்டுவேரிலோ இருக்கிறது. யுஎஸ்பியில் செருகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். ஒரு குறை: சிபியுவின் சூட்டை இது காட்டாது. சித்திரை வெயிலில் சிஸ்டம் தவழ்ந்தால், ப்ராசஸ் பட்டியலில் தேடும் முன் சிபியுவைக் குளிர்விக்கும் ஹீட் சிங்க் தூசியைத் துடையுங்கள்.