எழுத்துப் பயிற்சி: ஒரே பெரிய ஒப்படையா, வாரம் ஒரு பக்கமா?

கிழக்கிலங்கையின் வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களிலோ தாழங்குடாக் கல்வியியற் கல்லூரியிலோ, தொடர்பாடல் பாடம் எடுப்பவர் எவரும் செமஸ்டர் தொடங்கும்போது ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். எழுத்துக்கு 1,200 சொல்லில் ஒரே ஒப்படை வைப்பதா, இல்லை வாரம் ஒரு பக்கம் எழுதவைத்து, குறி போட்டுக் கொடுத்து, அதையே மறுபடி எழுதவைப்பதா? நாங்கள் எடுத்தது இரண்டாவது வழி. ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

மாதிரிக் கடிதங்களைப் போட்டோகொப்பி அடித்துக் கொடுத்துப் பாடமாக்கச் சொல்லும் மூன்றாவது வழியும் உண்டு. பரீட்சையில் கேள்வி சற்று மாறி வந்தாலே அது கைவிட்டுவிடும். அதை இங்கே எடுக்கவில்லை.

பெரிய ஒப்படையின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நீண்ட கட்டுரையை ஒழுங்குபடுத்த, மேற்கோள் காட்ட, பல இடத்துத் தகவலைச் சேர்க்க அது பழக்கும். இறுதியாண்டு ஆய்வறிக்கைக்கு அந்தப் பழக்கம் தேவை. நிர்வாகத்துக்கும் சுலபம்: ஒரு திகதி, ஒரு கட்டு, ஒரு புள்ளிப் பட்டியல். ஆனால் திருத்தி முடியும்போது செமஸ்டரும் முடிந்துவிடும். மாணவர் கையில் கிடைப்பது புள்ளி மட்டுமே. ஓரத்தில் நாம் எழுதிய குறிப்பை வைத்து ஒரு வரியைக்கூடத் திருத்திப் பார்க்க அவருக்கு வாய்ப்பு வராது.

வாரப் பக்கத்துக்கு எதிராகச் சொல்லப்படும் ஒரே பலமான காரணம் திருத்தும் வேலை. “நாற்பது கொப்பியை வாராவாரம் யார் பார்ப்பது?” என்பார்கள். நியாயமான கேள்வி, கணக்கோடுதான் பதில் சொல்ல வேண்டும். 40 பேர் வகுப்பில் 1,200 சொல் ஒப்படையை ஒழுங்காக வாசிக்க ஆளுக்கு 20 நிமிடம் பிடிக்கும். மொத்தம் 800 நிமிடம். அதுவும் பரீட்சைக் காலத்தில் ஒரேயடியாக வந்து விழும். வாரப் பக்கத்துக்கு வகுப்பை 20 பேராக இரண்டு குழுவாகப் பிரியுங்கள். எல்லோரும் வாரம் 150 சொல் எழுதுவார்கள், நாம் பார்ப்பது வாரம் மாறி வாரம் ஒரு குழுவின் கொப்பியை மட்டும். முதல் எழுத்துக்கு 3 நிமிடம், மீள் எழுத்துக்கு 1 நிமிடம். வாரம் 80 நிமிடம், பத்து வாரத்துக்கு அதே 800 நிமிடம். நேரம் கூடவில்லை, பரவுகிறது. ஒவ்வொரு மாணவரும் ஐந்து தடவை திருத்தம் பெற்று, ஐந்து தடவையும் அதைக் கையாண்டு பார்க்கிறார்.

இந்தக் கணக்கு ஒரு நிபந்தனையில்தான் நிற்கிறது: ஒரு பக்கத்துக்கு மூன்று குறிக்கு மேல் போடக்கூடாது. இந்த முறையைத் தொடங்கியவர்கள் நான்காம் வாரத்தில் கைவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதை மீறுவதுதான். சந்திப் பிழை, ஒற்றுப் பிழை, ளகர லகரம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சிவப்பு மையால் சுழித்தால் 3 நிமிடம் 8 நிமிடமாகும். 20 கொப்பிக்கு 160 நிமிடம். மூன்றாம் வாரத்தில் கொப்பிகள் மேசையில் தேங்கும், நான்காம் வாரம் மாணவர் மீள் எழுத்தை நிறுத்திவிடுவார்கள். எழுதிய அதே வாரத்தில் திருத்தம் திரும்பிப் போகாவிட்டால், எதை ஏன் எழுதினோம் என்பதே மாணவருக்கு மறந்துவிடும்.

மூன்று குறியையும் எங்கே போடுவது என்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முதல் குறி வாசகருக்குத் தேவையான தகவல் விடுபட்ட இடத்துக்கு. இரண்டாவது, வசனம் அல்லது பந்தி இடம் மாற வேண்டிய இடத்துக்கு. மூன்றாவது, திரும்பத் திரும்ப வரும் ஒரே ஒரு மொழிப் பிழைக்கு. சரியான வசனத்தை நாம் எழுதிக் கொடுக்கவே கூடாது. அடிக்கோடு போட்டு, ஓரத்தில் இரண்டு சொல்லில் கேள்வி கேட்டால் போதும்.

வெள்ள எச்சரிக்கை எழுதும் பயிற்சியைப் பாருங்கள். தகவல் தாளில் குளம், கதவு திறக்கும் நேரம், மக்கள் போக வேண்டிய இடம், தொடர்புகொள்ள வேண்டியவர் எல்லாம் கொடுக்கப்பட்டிருக்கும். அப்படியிருந்தும் முதல் எழுத்து அனேகமாக இப்படித்தான் வரும்:

“தற்போது நிலவும் சீரற்ற காலநிலை காரணமாக உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்படவுள்ளமையினால் தாழ்நிலப் பகுதிகளில் வாழும் பொதுமக்கள் அவதானமாக இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.”

இலக்கணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தாளில் இருந்த நேரமும் இடமும் காணாமல் போய்விட்டன. மாணவர் மறந்துபோய் விடவில்லை. கேட்டுப் பழகிய அறிவித்தலின் அச்சில் அவற்றுக்கு இடமே கிடையாது. ஓரத்தில் “எப்போது? எங்கே போவது?” என்று மட்டும் கேட்டுக் கொடுத்தால் மீள் எழுத்து இப்படி மாறும்:

“உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் இன்று பிற்பகல் 4 மணிக்குத் திறக்கப்படும். ஆற்றோரம் இருப்பவர்கள் 3 மணிக்குள் பாடசாலைக் கட்டடத்துக்குச் செல்லுங்கள். ஆடு மாடுகளை மேட்டுநிலத்துக்குக் கொண்டுபோங்கள். அடையாள அட்டையையும் மருந்துகளையும் கையோடு எடுங்கள். உதவிக்கு உங்கள் கிராம உத்தியோகத்தரை அழையுங்கள்.”

மாரி மழையில் ஊரே தண்ணீரில் நிற்கும் மாவட்டத்தில் இந்த இரண்டு எழுத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசம் சின்ன விஷயமில்லை. பெரிய ஒப்படையில் இதே பிழையைக் கண்டுபிடிக்கலாம், புள்ளியும் குறைக்கலாம். இரண்டாவது எழுத்தை மட்டும் வரவைக்க முடியாது.

முதல் எழுத்துக்குப் புள்ளி போடாதீர்கள். கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற மாணவர் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். புள்ளியும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. அவர் பார்த்தது பாடசாலைப் பிள்ளைகளை, ஆகவே அப்படியே கல்லூரிக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் புள்ளியைக் கண்டதும் கொப்பியை மூடிவிடும் பழக்கம் எந்த வயதிலும் உண்டு. மீள் எழுத்துக்கு மட்டும் புள்ளி கொடுங்கள்.

நாம் பார்க்காத மற்றக் குழு சும்மா இருக்கக்கூடாது. கொப்பியை மாற்றிக்கொள்ளச் சொன்னால் “நல்லா இருக்கு” என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள், கூட்டாளியின் மனதை நோகடிக்க யாருக்கும் விருப்பமில்லை. ஆகவே அபிப்பிராயம் கேட்காதீர்கள். “இதை வாசித்தவர் அடுத்ததாக என்ன செய்ய வேண்டும்?” என்ற கேள்விக்கு ஒரே வசனத்தில் விடை எழுதச் சொல்லுங்கள். வடிகான் அடைப்புப் பற்றிப் பிரதேச சபைக்கு எழுதிய கடிதத்தை வாசித்தவர் “தெரியவில்லை” என்று எழுதினால், எழுதியவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

எழுதுவது 80 பக்க அப்பியாசக் கொப்பியில். இடப்பக்கம் முதல் எழுத்து, வலப்பக்கம் மீள் எழுத்து. கூகுள் டொக்ஸில் பழைய வடிவங்கள் பதிவாகும், நல்ல வசதிதான். ஆனால் டேட்டா, சிக்னல் இரண்டும் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி இல்லை. வகுப்பிலேயே 25 நிமிடத்தில் கையால் எழுதினால் சாட்ஜிபிடி பிரச்சினையும் பாதி தீரும். வீட்டில் எழுதிவரும் 1,200 சொல் ஒப்படையில் எது மாணவருடையது என்று இன்று நிச்சயமாகச் சொல்வது கடினம்.

இந்த முறை தளரும் இடங்களும் உண்டு. 40, 50 பேருக்குள் நாங்கள் சொன்ன கணக்கு ஓடும். 100 பேருக்கு மேற்பட்ட வகுப்பில், உதவி விரிவுரையாளர் இல்லாமல் நடத்தலாம் என்று சொல்லத் துணிய மாட்டோம். நீண்ட எழுத்தும் இதில் குறைவாகவே பழகும். கடைசி இரண்டு வாரத்தில், முன்னர் எழுதிய மூன்று பக்கங்களை ஒரே அறிக்கையாகக் கோக்கவைப்பது ஓரளவு கைகொடுக்கும், முழுக் குறையும் தீராது. ஆய்வறிக்கைக்கு ஆயத்தப்படுத்துவதே பாடத்தின் முதல் நோக்கமென்றால் பெரிய ஒப்படையையே வையுங்கள். ஆனால் ஆறாம் வாரத்தில் முதல் வரைவை வாங்கிக் குறி போட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

புள்ளிப் பங்கீடு: தொடர் மதிப்பீட்டுக்கு 40 என்றால், ஐந்து மீள் எழுத்தில் சிறந்த நான்குக்குத் தலா 10. வெள்ளத்தால் ஒரு வாரம் வர முடியாத மாணவருக்கு அதனால் நட்டமில்லை. புள்ளிப் பட்டியலை ஒப்படைக்கும் முன் கூடிய, நடுத்தர, குறைந்த புள்ளி பெற்ற கொப்பிகளில் சிலவற்றின் இரு பக்கங்களையும் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பரீட்சகர் கேட்கும்போது கொப்பி மாணவர் வீட்டில் இருக்கும்.