பீச்வுட் அலையாத்திக் காட்டு நடை: போகலாம், நேரம் பார்த்து

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உம்கெனி ஆறு கடலோடு சேரும் இடத்தில், வடகரையில் பீச்வுட் அலையாத்திக் காடு இருக்கிறது. 76 ஹெக்டேர், 1977 முதல் காப்பகம். நகரத்தை ஒட்டியே இப்படி ஒரு காடு இருப்பது எங்கள் தெருவில் பலருக்குத் தெரியாது. அங்கே ஒரு சிறு குழு காசு வாங்கிக்கொண்டு வழிகாட்டியோடு நடை கூட்டிப்போகிறது. குறை சொல்லப் போவதால் குழுவின் பெயரைப் போடவில்லை.

முதல் குறை நேரம். தங்கள் வசதிக்கு ஒன்பது மணி என்று வைத்துவிட்டார்கள். நாங்கள் போனபோது கடல் ஏறிக் கிடந்தது, காற்று வாங்கச் சேற்றுக்கு மேலே நீட்டி நிற்கும் மூச்சுவேரெல்லாம் தண்ணீருக்கடியில். சேற்றில் தாவும் மீனையும், ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த நண்டையும் பார்க்கத்தானே பிள்ளைகள் வந்தார்கள்? வெகுநேரம் பழுப்புத் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றோம்.

தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் வழிகாட்டிக்கும் உற்சாகம் வந்துவிட்டது. ஜூலு இளைஞர், கெட்டிக்காரர். வெண்கண்டல் இலையை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார், உப்புக் கரித்தது. வேர் உள்ளே விட்டுவிடும் உப்பை அந்த மரம் இலை வழியே வெளியே தள்ளுகிறது. சுரபுன்னையின் விதை மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டிருப்பதையும் காட்டினார். "அழிந்த இடத்தில் நிறையக் கன்று நடலாமே?" என்று கேட்டேன். நடுவது அப்புறம், முதலில் தண்ணீர் வந்து போக வழி வேண்டும் என்றார். ஆற்றுநீர் குறைந்தால் மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபடுமாம். உள்ளே தேங்கும் நீரில் மூச்சுவேர்கள் நெடுநாள் மூழ்கிக் கிடந்தால் மரமே செத்துவிடும். 1989-இல் முடிந்த இனாண்டா அணைக்குப் பிறகு ஆறு பழைய ஆறு இல்லை.

நான் சிதம்பரத்துக்காரி. பிச்சாவரத்திலும் இதே கதைதான். பள்ளமான இடங்களில் கடல்நீர் தேங்கி, வற்றி, மண்ணில் உப்பேறிக் காடு பட்டுப்போனது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி கடல் ஏறி இறங்கும் ஓதநீரை உள்ளே விட்ட பிறகுதான் நட்ட கன்றுகள் பிடித்தன. இதைச் சொன்னதும் வழிகாட்டி என்னிடம் திருப்பிக் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். கொடுத்த காசு அங்கேயே செரித்துவிட்டது.

பிளாஸ்டிக்கைச் சொல்லாமல் விட முடியாது. மழைக்குப் பின் மேலே இருந்து வரும் பாட்டில், பை எல்லாம் வேர்களில் சிக்கி நிற்கிறது, பாலித்தீனுக்கு அடியில் கன்றுகள் நசுங்குகின்றன. ஆற்றின் குறுக்கே மிதக்கும் குழாய் போட்டு லிட்டர்பூம் திட்டத்தார் கொஞ்சம் தடுக்கிறார்கள்.

இன்னொரு குறை. ஆற்றைப் பற்றி இவ்வளவு பேசியவர்கள், கரையில் டின் டவுனில் காய்கறி பயிரிட்டு வாழ்ந்த நம் இந்தியர்களைப் பற்றி வாயே திறக்கவில்லை. 1917 வெள்ளத்தில் 'படவாட்டன் அறுவர்' எனப்படும் மீனவர்கள் படகில் போய் 176 பேரைக் காப்பாற்றிய ஆறு இது. டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்லுவார்.

போகிறவர்கள் பதிவு செய்யுமுன் தண்ணீர் வற்றும் நேரம் எது என்று கேளுங்கள், அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் நடையைத் தொடங்கச் சொல்லி அடம்பிடியுங்கள். கொசு மருந்தும், சேறானால் கவலைப்பட வேண்டாத ஷூவும் அவசியம். செருப்பு வேண்டாம், சேறு உருவிக்கொள்ளும். பெருமழை பெய்த வாரம் என்றால் தள்ளிப்போடுங்கள். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். மூன்று அந்த வழிகாட்டிக்கு.