ஸ்காட்லாந்து பனிமலைக்கு கைடு பிடிக்கிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பிரிட்டனில் இருக்கும் நம்மவர்கள் இப்போதெல்லாம் பிப்ரவரி, மார்ச் வந்தால் ஸ்காட்லாந்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். முதலில் பனி பார்க்க, அப்புறம் பனி மூடிய மலை ஒன்றில் ஏறிப் பார்க்க. நல்ல ஆசைதான். அந்த ஆசையை வைத்துப் பணம் பண்ணும் ஒரு நிறுவனத்திடம் நானும் என் நண்பனும் மாட்டினோம். பணம் போனதைவிட, அன்று மலைமேல் எங்களை எந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்பதை நினைத்தால்தான் இன்னும் ஆத்திரம் வருகிறது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆனால் இவர்கள் செய்த ஒவ்வொன்றையும் வேறு யாரும் உங்களிடமும் செய்யலாம். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

விளம்பரம் இப்படி இருந்தது: கேர்ன்கோர்ம் மலைத்தொடரில் ஒரே வார இறுதியில் நான்கு மன்ரோ சிகரங்கள், பனிக்காலத் தகுதி பெற்ற வழிகாட்டி, நான்கு பேருக்கு ஒரு கைடு, பனிக்கோடாலிப் பயிற்சி, எல்லாக் கருவிகளும் சேர்த்து. ஆளுக்கு 240 பவுண்டு. தங்குமிடமும் ரயிலும் நம் செலவு.

மன்ரோ என்றால் தெரியாதவர்களுக்கு: ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேல், அதாவது 914 மீட்டருக்கு மேல் உள்ள தனி மலைகள். 1891இல் ஹியூ மன்ரோ என்பவர் முதல் பட்டியலைப் போட்டார். இன்றைய கணக்கில் 282. உயரம் மட்டும் இருந்தால் போதாது, தனி மலை என்று சொல்லுமளவு பக்கத்து மலையிலிருந்து பிரிந்தும் இருக்க வேண்டும். அப்படிப் பிரியாத மேடுகள் துணைச் சிகரம் என்று வேறு கணக்கில் போகும். இங்கேதான் முதல் பித்தலாட்டம்.

எந்த நான்கு சிகரங்கள் என்பது முந்தைய நாள் இரவு வந்த மின்னஞ்சலில்தான் தெரிந்தது. கேர்ன் கோர்ம், 1,245 மீட்டர். ஸ்டோப் கோரி அன் ட்ரெக்டா, 1,176. கேர்ன் லோக்கன், 1,215. மறுநாள் பென் மக்டூயி, 1,309, பிரிட்டனிலேயே இரண்டாவது உயரமான மலை. இதில் முதலும் கடைசியும்தான் மன்ரோ. நடுவில் உள்ள இரண்டும் துணைச் சிகரங்கள், ஒரே பள்ளத்தாக்கின் விளிம்பில் வரிசையாக நிற்கும் மேடுகள். நான்கு என்று எண்ணிக்கை காட்ட வேண்டும், அதிகம் நடக்கவும் கூடாது. அதற்கு இதைவிட வசதியான வழி இல்லை. நண்பன் படித்துவிட்டு, "மச்சான், இது ரெண்டு மலைதானே?" என்றான். அவன் யாழ்ப்பாணத்துக்காரன், கணக்கில் கெட்டி.

சரி, வந்தாயிற்று, பார்ப்போம் என்று காலையில் அவிமோர் கிராமத்தில் போய் நின்றோம். எட்டு மணிக்கு வர வேண்டிய வேன் ஒன்பதரைக்கு வந்தது. உள்ளே ஏற்கெனவே ஆட்கள். எங்களையும் சேர்த்துப் பதினொரு பேர், கைடு ஒருவர். நாலுக்கு ஒன்று என்றீர்களே என்று கேட்டால், இன்னொரு கைடுக்கு உடம்பு சரியில்லையாம். பிப்ரவரி நடுவில் அங்கே ஐந்து மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும். நாங்கள் பனிச்சறுக்கு மைய கார் நிறுத்தத்திலிருந்து நடக்க ஆரம்பித்தபோது பதினொன்று.

கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்களை ஏமாற்றுவது இதில்தான் மிகச் சுலபம். பனியில் நடக்க பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்பு முள்தட்டுக்கு கிராம்பான் என்று பெயர். அது எந்த பூட்ஸிலும் நிற்காது. பூட்ஸில் பி0 முதல் பி3 வரை தரம் உண்டு, கிராம்பானில் சி1 முதல் சி3 வரை. பி0 என்பது சாதாரண டிரெக்கிங் பூட்ஸ், அடி வளையும், அதில் கிராம்பானே மாட்டக் கூடாது. பி1 பூட்ஸுக்கு சி1. குதிகாலில் நெம்பிப் பூட்டும் சி2 வகைக்கு, பூட்ஸின் பின்பக்கம் அதற்கென்று ஒரு விளிம்பு இருக்க வேண்டும், அதாவது பி2 வேண்டும்.

நண்பன் முன்கூட்டியே மின்னஞ்சலில் தன் பூட்ஸின் படத்தை அனுப்பிக் கேட்டிருந்தான். "தாராளமாகப் போதும்" என்று பதில். அது பி0. வேனின் பின்கதவைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டியிலிருந்து அவனுக்கு எடுத்துக் கொடுத்தது சி2. பூட்டு பிடிக்க இடமே இல்லாததால் கைடு வார்ப்பட்டையை இறுக்கிச் சுற்றிக் கட்டிவிட்டார். எனக்குக் கிடைத்தது சி1, ஆனால் அடியில் பனி ஒட்டாமல் தடுக்கும் ரப்பர் தகடு இல்லை. ஈரப்பனியில் நான்கு அடி வைத்தால் முட்களை மூடிக்கொண்டு ஒரு பனிக்கட்டி சேர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் கோடாலிக் காம்பால் தட்டிவிட்டுத்தான் அடுத்த அடி. பனிக்கோடாலியும் எல்லோருக்கும் இல்லை. ஒரு தம்பதிக்கு இரண்டு பேருக்குமாக ஒன்று. ஒருவர் சறுக்கினால் அடுத்தவர் தூக்கிப் போட வேண்டும் போலிருக்கிறது.

விளம்பரத்தில் சொன்ன பயிற்சி கார் நிறுத்தத்திலேயே முடிந்தது. கோடாலியை இப்படிப் பிடியுங்கள், விழுந்தால் குப்புறத் திரும்பி முனையைப் பனியில் குத்துங்கள் என்று வாயால் சொன்னார். உண்மையில் இதை, கீழே பாறை இல்லாத, தானாகவே போய் நிற்கும் சரிவு ஒன்றில் திரும்பத் திரும்ப விழுந்து பழக வேண்டும். தார்ச் சாலையில் நின்று கேட்டால் கைக்கு வராது.

ஃபியக்கல் முகட்டு வழியாக ஏறி, 1141 என்று வரைபடத்தில் குறித்திருக்கும் புள்ளிக்கு வந்து, அங்கிருந்து கேர்ன் கோர்ம் உச்சிக்குப் போனோம். அதுவரை பழுதில்லை. அந்த உச்சியில் ஒரு தானியங்கி வானிலை நிலையம் இருக்கிறது. 1986 மார்ச்சில் மணிக்கு 173 மைல் வேகக் காற்று பதிவானது அங்கேதான். அன்று அவ்வளவெல்லாம் இல்லை, ஆனாலும் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. திரும்பி 1141க்கு வந்து இரண்டாவது மேட்டை நோக்கி நடக்கும்போது மேகம் இறங்கியது. தரையும் வெள்ளை, வானமும் வெள்ளை. இந்தப் பீடபூமியில் அது எவ்வளவு ஆபத்து என்றால், 1971 நவம்பரில் இங்கேதான் ஐந்து பள்ளி மாணவர்களும் அவர்களோடு வந்த ஓர் இளம் பயிற்சி உதவியாளரும் பனிப்புயலில் சிக்கி இறந்தார்கள். எங்கள் இடது பக்கம் சமவெளி. வலது பக்கம் நூறு மீட்டருக்கு மேல் செங்குத்தாக இறங்கும் பாறைச்சுவர். அதன் விளிம்பில் காற்று தள்ளிக் கட்டிய பனித் தொங்கல்கள், கார்னிஸ் என்பார்கள். மேலே நிற்பவருக்கு அது தரை போலத்தான் தெரியும், அடியில் ஒன்றும் இருக்காது.

நண்பன் என் காதருகே வந்து கத்தினான், காற்றில் கத்தினால்தான் கேட்கும். "மச்சான், இந்தாளுக்கு வழி தெரியாதடா. போனைப் பாத்துக்கொண்டுதான் நடக்கிறான்."

உண்மைதான். கையுறையைக் கழற்றுவதும், திரையைத் தேய்ப்பதும், மாட்டுவதுமாகப் போய்க்கொண்டிருந்தார். குளிரில் போன் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்? இரண்டாவது மேட்டைத் தாண்டிய தாழ்வில் அது அணைந்தே போனது. நேரமும் மூன்றரையைத் தாண்டிவிட்டது. அப்போது அவர் எடுத்த முடிவுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது: கோட் டிராக் என்ற செங்குத்துப் பாதை வழியாகப் பள்ளத்தாக்குக்குள் நேராக இறங்கிவிடலாம், சீக்கிரம் போய்விடலாம் என்றார்.

அந்தச் சரிவு வடக்கு, வடகிழக்கைப் பார்த்தது. முந்தைய இரவு முழுவதும் தென்மேற்குக் காற்று. தென்மேற்குக் காற்று அடித்தால் பீடபூமியின் பனியெல்லாம் வாரிப் போய்க் குவிவது இந்தப் பக்கத்தில்தான். அன்றைய பனிச்சரிவு முன்னறிவிப்பில் 900 மீட்டருக்கு மேல் வடக்கு முதல் கிழக்கு வரையான சரிவுகளுக்கு ஐந்தில் மூன்றாம் நிலை போட்டிருந்தார்கள். ஸ்காட்டிஷ் பனிச்சரிவுத் தகவல் சேவை இதைக் குளிர்காலத்தில் தினமும் இலவசமாக வெளியிடுகிறது. காலையில் ரொட்டி தின்றுகொண்டே நானும் பார்த்திருந்தேன். மூன்றாம் நிலை கேட்க மிதமாகத் தெரியும், ஆனால் அந்த மாதிரிச் சரிவில் ஓர் ஆள் காலை வைத்தாலே பனி பெயர்ந்துவிடலாம் என்று அர்த்தம். நான் அதைச் சொன்னதற்கு அவர், "காலையில் இரண்டு பேர் இறங்கியதைப் பார்த்தேனே" என்றார்.

அந்த நேரத்தில் எதிரே வேறொரு குழு வந்தது எங்கள் அதிர்ஷ்டம். ஒரு பெண் கைடு, பின்னால் நான்கு பேர். நின்றார், எங்களை எண்ணினார், நண்பனின் காலில் அவிழ்ந்து தொங்கிய கிராம்பானைப் பார்த்தார். எங்கள் கைடிடம் எந்தத் திசைக்கோணத்தில் நடக்கிறீர்கள் என்று கேட்டார். காம்பஸ் பைக்குள் இருக்கிறது என்றார் இவர். அந்தப் பெண் அதற்குமேல் பேசவில்லை. எங்கள் பதினொரு பேரையும் பார்த்து, இந்தப் பக்கம் யாரும் இறங்க வேண்டாம், வந்த வழியே 1141க்குத் திரும்புகிறோம், என் ஆட்களுக்குப் பின்னால் வரிசையாக வாருங்கள் என்றார். கையில் காம்பஸை வைத்து, அடிகளை எண்ணியபடி நடந்து எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். கார் நிறுத்தத்துக்கு வந்தபோது நல்ல இருட்டு. அந்த அம்மா மட்டும் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத எனக்கு விருப்பமில்லை.

மறுநாள் காற்று அடங்கி, வானம் நீலமாக இருந்தது. பென் மக்டூயி போயிருக்கலாம். ஆனால் வேன் மதியம் மூன்றுக்கு இன்வெர்னஸில் அடுத்த ஆட்களை ஏற்ற வேண்டுமாம். அதற்குப் பதிலாக மியால் எ வுக்கல் என்ற 810 மீட்டர் குன்றுக்குக் கூட்டிப் போனார்கள். அழகான இடம்தான், அடிவாரத்தில் பச்சை நிறத்தில் ஒரு சின்ன ஏரியும் உண்டு. ஆனால் குடும்பத்தோடு போய்வரும் நடை அது, மன்ரோவே இல்லை. வானிலைக்காக ஒரு மலையை விட்டால் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன், நல்ல கைடுக்கு அடையாளமே அதுதான். வேனுக்காக விட்டதைத்தான் ஏற்க முடியவில்லை.

திரும்பி வந்து விசாரித்ததில் தெரிந்தது: எங்களோடு வந்தவரிடம் இருந்தது கோடைக்கால மலைத் தலைவர் தகுதி. அந்தத் தகுதி பனிக்கால நிலைமைக்குப் பொருந்தாது. பனியில் நடை கூட்டிப் போக வின்டர் மவுண்டன் லீடர் என்ற தனித் தகுதி வேண்டும். கயிறு கட்டி ஏறும் பாதை என்றால் அதற்கும் மேற்பட்ட பயிற்றுநர் தகுதியோ, பிரிட்டிஷ் மவுண்டன் கைட் சான்றோ வேண்டும்.

சரி, இது சட்ட விரோதம்தானே என்று நினைப்பீர்கள். இல்லை. 1993இல் லைம் விரிகுடாவில் கயாக் பயணத்தில் நான்கு பதின்ம வயதினர் இறந்தபின் 1995இல் சாகச விளையாட்டு மையங்களுக்கு உரிமச் சட்டம் வந்தது. அது 18 வயதுக்குக் குறைந்தவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு மட்டும். பெரியவர்களை யார் வேண்டுமானாலும் கைடு என்று சொல்லி மலைக்குக் கூட்டிப் போகலாம், உரிமம் தேவையில்லை. ஆகவே கேட்க வேண்டியது நாம்தான். "தகுதி பெற்ற கைடு" என்று எழுதியிருந்தால் போதாது. எங்களோடு வரப்போகிறவர் பெயர் என்ன, அவருக்குப் பனிக்காலத் தகுதி இருக்கிறதா, ஒரு கைடுக்கு எத்தனை பேர், எந்தெந்தச் சிகரம் என்று பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்குங்கள். மவுண்டன் டிரெய்னிங் அமைப்பின் தளத்தில் தகுதி பெற்றவர்களைத் தேடவும் வழி இருக்கிறது. பெயரைச் சொல்ல மறுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பூட்ஸை அவிமோரில் கடையில் வாடகைக்கு எடுத்து, கிராம்பானை அதில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். மலையே புதிது என்றால் க்ளென்மோர் லாட்ஜ் என்ற தேசியப் பயிற்சி மையம் பக்கத்திலேயே இருக்கிறது, பனிக்காலத் திறன் வகுப்பு நடத்துகிறார்கள்.

இன்னொன்று பணம் கட்டும் முறை. வங்கி வழியாக நேரடியாக அனுப்பினால் 5 சதவீதம் தள்ளுபடி என்றார்கள். நண்பன் முழுத் தொகையையும் அப்படியே அனுப்பினான். நான் முன்பணம் 60 பவுண்டைக் கிரெடிட் கார்டில் கட்டி, மீதியை வங்கியில் அனுப்பினேன். 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி, விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000க்குள் இருந்தால், ஒரு பகுதியைக் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தாலும் முழுத் தொகைக்கும் கார்டு நிறுவனம் பொறுப்பு. விளம்பரத்தின் படம், மின்னஞ்சல்கள், பதினொரு பேர் நிற்கும் புகைப்படம், நண்பன் காலில் தொங்கிய கிராம்பானின் படம் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினேன். கொஞ்சம் இழுத்தடித்தார்கள், ஆனால் கட்டிய பணம் முழுவதும் திரும்பி வந்தது.

நண்பனுக்கு அந்த நிறுவனம் கொடுத்தது அடுத்த பயணத்துக்கு 20 சதவீதக் கூப்பன். அதைப் படித்துவிட்டு அவன் சொன்ன யாழ்ப்பாணத்து வார்த்தையை இங்கே எழுத முடியாது. சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் தர வேண்டும் என்று 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்கிறது. அதை வைத்து ஸ்காட்லாந்து ஷெரிஃப் நீதிமன்றத்தில் 5,000 பவுண்டு வரையான கோரிக்கைகளுக்கான எளிய நடைமுறையில் மனு போடுகிறான். வக்கீல் இல்லாமலே போடலாம். வேனில் கூட வந்தவர்களில் கோடாலியைப் பங்கு போட்ட அந்தத் தம்பதி சாட்சிக் கடிதம் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். படிவம் இந்த வாரம் போகிறது. முடிவு வந்ததும் இதே பதிவில் சேர்க்கிறேன்.