குறை பிடிக்கும் கேமரா: விதி எழுதுவதா, ஏஐயா?

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் உதிரிபாகம் கடையும் சிறு யூனிட்காரர்கள் பலருக்கும் இந்தக் குழப்பம். விதி என்றால் அளவு இவ்வளவு இருக்க வேண்டும் என்று நாமே எழுதிக் கொடுப்பது; ஏஐ என்றால் படங்களைக் காட்டி அதுவே கற்றுக்கொள்ளும்படி பழக்குவது.

செலவு: விதி வழிக்கு, படம் பிடித்துத் தானே சோதித்துவிடும் ஸ்மார்ட் கேமரா ஒன்றே பல வேலைக்குப் போதும். ஏஐயைப் பழக்கப் பெரும்பாலும் ஜிபியு (படக் கணக்கை வேகமாகப் போடும் சிப்) உள்ள கணினி வேண்டும்.

தொடக்கம்: விதிக்கு நல்ல பீஸ் நாலு இருந்தால் ஆரம்பிக்கலாம். ஏஐக்குப் பொதுவாகக் குறையுள்ள பீஸ்களின் படங்கள் நிறைய வேண்டும்; ஒழுங்காக ஓடும் லைனில் அத்தனை ரிஜெக்டுக்கு எங்கே போவது? நல்ல பீஸை மட்டும் காட்டிப் பழக்கும் முறையும் உண்டு, ஆனால் தூசியைக்கூடக் குறை என்று தள்ளிவிடலாம்.

பிடிப்பது: துளை இருக்கிறதா, விட்டம் சரியா என்பதற்கு விதியே கெட்டி. ஏன் தள்ளியது என்பதையும் எண்ணோடு காட்டும். வார்ப்புப் பரப்பில்தான் திணறும்: எண்ணெய்க் கறையும் ஊசித்துளையும் அதற்கு ஒரே கருப்புப் புள்ளி. ஏஐக்குப் போட்ட காசுக்குப் பலன் கிடைப்பது அங்கேதான்.

வெளிச்சம்: ஷட்டர் வழியாகக் காலை வெயில் விழுந்தால் இரண்டுமே தடுமாறும். முதலில் மூடாக்குப் போடுங்கள். பளபளக்கும் பீஸுக்கு வளைய வடிவ ரிங் லைட் கூசும், எல்லாப் பக்கமும் வெளிச்சத்தைப் பரப்பும் கவிழ்த்த கிண்ணம் போன்ற டோம் லைட்தான் சரி.

ஆக, அளவு பார்க்க விதி, மேற்பரப்பு பார்க்க ஏஐ. இரண்டும் வேண்டுமா? விதியை இப்போது போட்டுவிட்டு, ரிஜெக்ட் படங்களைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள், ஏஐ அப்புறம்.