சிலிண்டரா, குழாய் கேஸா? வடசென்னையின் பழைய வீடுகளுக்கு எது ஒத்துவரும்

விலைக் கணக்கு சுலபம். 14.2 கிலோ சிலிண்டர் தரும் சூட்டுக்குக் குழாய் கேஸ் சுமார் 17–18 கன மீட்டர் ஆகும். கன மீட்டர் விலையை 18ஆல் பெருக்கி, மாதக் கட்டணம் இருந்தால் அதையும் கூட்டி, சிலிண்டர் விலையோடு ஒப்பிடுங்கள். ஆனால் ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டையில் எது மலிவாக இருந்தாலும், முதலில் சுவர் இடம் கொடுக்க வேண்டும்.

தெருவில் புதைத்து வரும் பிளாஸ்டிக் குழாய் வெயிலில் கெட்டுப்போகும். அதனால் தரைக்கு மேலே துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயாக (ஜி.ஐ. பைப்) மாறி, வெளிச்சுவரில் ஏறிச் சமையலறைக்குள் வரும். இருபுறமும் பக்கத்து வீடு ஒட்டியிருந்தால் முகப்பும் பின்பக்கமும்தான் வழி. நடுக்கட்டுச் சமையலறைக்காகப் படுக்கையறை வழியே பைப்பை இழுக்கச் சம்மதிக்காதீர்கள். அதற்குச் சிலிண்டரே மேல்.

சுண்ணாம்புக் காரைச் சுவரில் கிளாம்ப் நிற்பது பெரிய பாடு. உப்பிய காரையில் துளை போட்டால் பிளக் சேர்ந்து சுற்றும், ஸ்க்ரூ கையோடு வந்துவிடும். தட்டிப் பார்த்துப் பொள்ளல் சத்தம் கேட்டால் இடத்தை மாற்றி, செங்கல் வரை போகும் நீள ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள். பைப் சுவரைக் கடக்கும் துளையில் ஸ்லீவ் (பைப்பைச் சுற்றி வரும் உறைக்குழாய்) வேண்டும். சிமெண்ட் வைத்து அடைத்தால் உள்ளே துருப்பிடிப்பது வெளியே தெரியாது. கடற்காற்று முதலில் அரிப்பது மரை வெட்டிய இடத்தை, அங்கே துத்தநாகப் பூச்சு போய்விடுவதால். பெயிண்டர் அவசரமாகத் தாண்டிப்போவதும் அந்த இடத்தைத்தான்! அழுத்தச் சோதனையையும் சோப்புத் தண்ணீர்ச் சோதனையையும் நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கசிந்தால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகும். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும். கதவடியில் இடைவெளி வேண்டும். குழாய் கேஸ் லேசு, மேலே ஏறும். பழைய வீட்டுக் கூரையோர வென்டிலேட்டர் அதற்கென்றே வைத்ததுபோல இருக்கும். அதை அடைத்து ஃபால்ஸ் சீலிங் போட்டவர்கள் முதலில் அதைத் திறந்துவிட வேண்டும்.

அடுப்பு அதே அடுப்புதான், ஜெட்டை (கேஸ் வெளிவரும் சின்னத் துளை உள்ள முனை) மட்டும் மாற்ற வேண்டும். குழாய் கேஸுக்குத் துளை பெரிது. சிலிண்டர் ஜெட்டிலேயே ஓட்டினால் தீ சோர்ந்து எரியும்; பெரிய ஜெட்டோடு சிலிண்டரை மாட்டினால் மஞ்சள் தீ எழும்பிப் பாத்திரம் கரியாகும். பழைய ஜெட்டையே துளைத்துப் பெரிதாக்குவது வேண்டாத வேலை.

வியாசர்பாடி, புளியந்தோப்பு மாதிரி மழைநீர் ஏறும் இடங்களில் நிறைந்த சிலிண்டர்கூட மிதக்கும்: எடை சுமார் 30 கிலோ, கொள்ளளவோ 33 லிட்டர். மிதந்தால் டியூபை இழுத்துக்கொண்டு போகும். குழாய் கேஸில் ரெகுலேட்டரின் காற்றுத்துளை மூழ்கினால் அழுத்தம் மாறும். போன வெள்ளத்தின் கறை சுவரில் எங்கே நிற்கிறதோ, அதற்கு மேலே ரெகுலேட்டரைப் பொருத்தச் சொல்லுங்கள்.

வெளிச்சுவரை ஒட்டிய மாடிச் சமையலறை, சொந்த வீடு என்றால் தயங்காமல் குழாய் கேஸ். குறுகிய படியில் சிலிண்டர் ஏற்றும் தொல்லை விட்டது. வாடகை போர்ஷனில் வீட்டுக்காரர் துளை போடச் சம்மதித்தால்தான் அந்தப் பேச்சே. அடிக்கடி வீடு மாறுபவர்களுக்குச் சிலிண்டர்தான் சரி.