ரூட்ஸ் விண்ட்டோன் ஜோடி ஹாரன்: ரிலே இல்லாமல் மாட்டாதீர்கள்

பைக்கோடு வரும் ஒற்றை டிஸ்க் ஹாரன், கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுக் கேட்கும் கார்காரர் காதில் விழாது. அதற்கு மாற்றாகக் கோவை ரூட்ஸ் நிறுவனத்தின் 12 வோல்ட் விண்ட்டோன் ஜோடியைத் தாராளமாக வாங்கலாம். நத்தைக்கூடு போல் சுருண்ட குழல் வழியாக ஒலி வெளியேறுவதால், டிஸ்க் ஹாரனின் 'கீச்' இல்லாமல் கனமான கார் சத்தம் வரும். L (தாழ்ந்த சுரம்) ஒன்று, H (உயர்ந்த சுரம்) ஒன்று என்று பார்த்து வாங்குங்கள். இரண்டும் ஒரே எழுத்தாக இருந்தால் அந்த முழுமை வராது.

அட்டைப்பெட்டியில் '300 டெசிபல்' என்று அச்சடித்து விற்கும் பெயரில்லாத சரக்கைத் தொடவே வேண்டாம். எத்தனை மீட்டரில் அளந்தது என்று சொல்லாத டெசிபலுக்கு அர்த்தமில்லை. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் குறையும். 2 மீட்டரில் 110 என்றால் 8 மீட்டரில் 98தான். கம்ப்ரஸர் வைத்த ஏர் ஹாரனில் வேறு சிக்கல்: பட்டனைத் தட்டியதும் ஊதாது, காற்று சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். குறுக்கே ஒருவர் வரும்போது அந்த நேரம் நம்மிடம் இருக்காது.

இனி ஒயரிங். 'மாட்டியும் சத்தமில்லை' என்ற புகார்களில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. இந்த வகை ஜோடி ஏறத்தாழ 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கும். பைக்கின் ஹேண்டில் ஸ்விட்ச் ஒரு சின்ன ஹாரனுக்காகச் செய்தது. நேராகக் கொடுத்தால் மெல்லிய ஒயரிலேயே ஒன்றிரண்டு வோல்ட் தொலையும், ஹாரன் கரகரக்கும், நாளடைவில் ஸ்விட்சின் காண்டாக்ட் கருகும்.

இதற்குத் தீர்வு ரிலே: சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டை இயக்கும் ஸ்விட்ச். 12 வோல்ட், 30 ஆம்பியர், நாலு பின் ரிலே ஒன்று போதும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 15 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக ரிலேயின் 30ஆம் பின்னுக்கு 2.5 சதுர மி.மீ. ஒயர். ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். 87இலிருந்து இரண்டு ஹாரனுக்கும் பேரலலாகப் பிரித்துக் கொடுங்கள். பழைய ஹாரனுக்கு வந்த இரண்டு ஒயர்களும் 85, 86க்குப் போகும். சில வண்டிகளில் ஸ்விட்ச் எர்த் பக்கம் இருக்கும். இப்படிக் கொடுத்தால் அந்தக் கவலையே இல்லை. ரிலேக்குள் டயோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) இருந்தால் மட்டும் அதன் மேலுள்ள படத்தைப் பார்த்துப் பாசிட்டிவைக் கொடுக்கவும். ஹாரன்களின் எர்த்தை பெயிண்ட் அடித்த போல்ட்டில் செருகாமல், அதே 2.5 ஒயரில் பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோங்கள்.

முடித்ததும் இன்ஜினை ஓடவிட்டு, ஹாரனை அழுத்தியபடி அதன் இரண்டு டெர்மினலிலும் மல்டிமீட்டர் வையுங்கள். 12 வோல்ட்டை ஒட்டி இருந்தால் நல்லது. 11க்குக் கீழே என்றால் எங்கோ லூஸ் கனெக்ஷன், அல்லது பேட்டரியே சோர்ந்திருக்கிறது. ரிலே 'டிக்' என்கிறது, ஹாரன் ஊதவில்லை என்றால் முதலில் ஃப்யூஸையும் எர்த்தையும் பாருங்கள். 'டிக்'கே இல்லையென்றால் கோளாறு ஸ்விட்ச் பக்கம்.

குழலின் வாய் முன்பக்கமாகக் கீழே சரிந்திருக்கட்டும். மேல்நோக்கி வைத்தால் முதல் மழைக்கே தண்ணீர் தேங்கி, கொப்பளிக்கிற மாதிரி சத்தம் வரும். ரிலேயின் பின்களும் கீழ்நோக்கியே. கூடவே வரும் தகட்டு பிராக்கெட்டை மாற்றாதீர்கள். ஹாரன் அந்தத் தகட்டில் சற்று அதிர வேண்டும். ஹாரனின் உடல் ரேடியேட்டரிலோ ஃபிரேமிலோ முட்டினால் சத்தம் அமுங்கிவிடும். பைக்கில் ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, முன் சஸ்பென்ஷனை அழுத்தி, எதிலும் உரசவில்லை என்று பார்த்த பிறகே போல்ட்டை இறுக்குங்கள். சிறு ஸ்கூட்டர்களில் ஜோடிக்கு இடம் கிடைப்பது கஷ்டம். L ஒன்று மட்டும் போட்டாலே நல்ல மாற்றம் தெரியும்.

சட்டம்: மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 119ஆம் விதி, சுரம் மாறி மாறி ஒலிக்கும் ஹாரனையும் மிதமிஞ்சிக் கூச்சலிடும் ஹாரனையும் தடுக்கிறது. ஒலி வரம்பை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். காரணமில்லாமல் அடித்துக்கொண்டே போனாலும், அமைதி மண்டலத்தில் அடித்தாலும் 194எஃப் பிரிவில் 1,000 ரூபாய். சுரம் மாறி மாறி ஒலிக்காத, தரச்சான்று பெற்ற ஜோடியை வாங்கி, பில்லையும் பத்திரமாக வையுங்கள்.

வண்டி வாரண்டியில் இருந்தால் கம்பெனி ஒயரை வெட்ட விடாதீர்கள். பழைய ஹாரனின் கப்ளரில் (ஒயர் நுனியிலுள்ள செருகியில்) பொருந்தும் ஆண் டெர்மினலைச் செருகி அங்கிருந்து ரிலேக்குப் போனால், பழைய ஹாரனை எப்போது வேண்டுமானாலும் திருப்பி மாட்டிவிடலாம்.